ராசம்மாவும் ரத்தம் கொடுத்தாள்

மத்தியானக் கொழுந்து நிறுக்க வரிசையில் நின்றபோதுதான் காளியாயி அந்த நெருப்புக் கங்கைத் தூக்கி வடிவின் மடியில் போட்டாள்.

“என்னா வடிவு, ஒன் வீட்டுக்காரரு இன்னைக்கு ஹட்டன் பஸ்ஸுல சோக்கா குந்திக்கிட்டுப் போனாராமே. பக்கத்துல யாருன்னு கேளேன்.”

சண்முகவடிவு கேட்கவில்லை. கூடைக் கயிறு நெற்றியில் இறங்கியிருந்தது. அதை மேலே தள்ளினாள். கேட்காததற்காகச் சொல்லாமல் விடுகிற வாயா காளியாயியுடையது?

“ராசம்மா. சன்னலோரம் அவ, இந்தப் பக்கம் இவரு. டிக்கட்டுகூட அவதான் எடுத்தாளாம்.”

“கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போயிருப்பா. அதுக்குத்தானே அவளப் போட்டிருக்காங்க.”

“அதான் நானும் சொன்னேன். மாசா மாசம் மாத்திரை எடுக்க அவ தனியாத்தானே போவா, இந்த மாசம் மட்டும் என்னா தொணைன்னு இவளுங்கதான் கேக்குறாளுங்க.”

பின்னால் நின்றவர்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். தராசில் வடிவின் கொழுந்து ஏறி இறங்கியது. கணக்கப்பிள்ளை என்ன நிறை சொன்னார், ஈரத்துக்கென்று எவ்வளவு வெட்டினார், எதுவும் அவள் காதில் விழவில்லை. மற்ற நாளாக இருந்தால் தராசையே ஆட்டியிருப்பாள்.

அவள் புருசன் செல்லசாமிக்குக் காசம் என்று தெரிந்தது சுனாமி வந்துபோன மறு வருசம். கவ்வாத்து மலையில் நாலு பேர் வெட்டுவதை ஒருத்தனாக வெட்டிய உடம்பு, மழை நாள் முடிவதற்குள் காய்ந்த மிளாறு மாதிரி ஆகிவிட்டது. இருமி இருமி ரத்தம் துப்பினான். துப்பிய டப்பாவுக்குச் சாம்பல் போட்டதும், லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்ததும், வேர்வையில் நனைந்த கம்பளியைப் பீலியில் கொட்டும் மலைத் தண்ணீரில் அடித்துத் துவைத்ததும் வடிவுதான். கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். ஆனால் அவன் கையில் கொடுத்துவிடவில்லை. தினமும் ஓர் ஆளின் கண்ணுக்கு முன்னால் விழுங்க வேண்டும். விழுங்கியானதும் அந்த ஆள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். அதுதான் முறை.

“நானே குடுத்து நானே பாத்துக்குறேன்யா” என்று வடிவு சொன்னபோது, தோட்டத்துக்கு வந்திருந்த சுகாதார ஐயா சிரித்துவிட்டார்.

“பொஞ்சாதி நாக்கத் தூக்குன்னு சொன்னா எந்தப் புருசன் தூக்குவான்? வீட்டாள் சரிவராதும்மா. வெளியாள் வேணும்.”

வெளியாளாக வாய்த்தவள் ராசம்மா. மலைக்குப் போகும் பெண்கள் தங்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் ஆயா வேலை. புருசன் செத்துச் சில வருசம் ஆகிறது. அட்டை கடிக்காத கால், கூடைக் கயிறு அழுத்தாத நெற்றி. செல்லசாமியை “அண்ணே” என்றுதான் கூப்பிடுவாள். அண்ணே என்று கூப்பிட்டுவிட்டால் எல்லாம் அடங்கிவிடுமா? வடிவு அந்த வார்த்தையை நம்பத் தயாராக இல்லை.

தோட்டத்தில் வடிவு காலெடுத்து வைக்காத இடம் ஒன்று உண்டென்றால் அது பிள்ளைக்காம்பராதான். கல்யாணமாகிப் பதினாறு வருசத்தில் கொண்டுபோய் விட அவளுக்குப் பிள்ளை இருந்ததில்லை. எடுத்து வரவும் இல்லை. மற்ற பெண்கள் மாராப்பில் பால் கசியக் கசிய அந்த வாசலுக்கு ஓடுவார்கள். வடிவு மேல் ரோட்டு வழியாகச் சுற்றிப் போவாள். இப்போது அந்த வாசலுக்குள் தினமும் அவள் புருசன் போகிறான். காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகும் வழியில், மேல் ரோட்டில் நின்று பார்த்தால் சன்னல் தெரியும். ஏணைத் தொட்டில்களுக்கு நடுவில், பிள்ளைகள் உட்காரும் பலகையில், வேலை வாங்கும் கண்டாக்கையாவுக்கே எதிர்ப்பேச்சுப் பேசிய செல்லசாமி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். ராசம்மா குனிந்து பார்ப்பாள். நாக்கைத் தூக்கு என்றால் தூக்குவான். பக்கவாட்டில் காட்டு என்றால் காட்டுவான்.

கோழையை அள்ளிப் புதைத்தவள் நான், வாயைத் திறந்து காட்டுவது அவளுக்கா? தினமும் அந்த இடத்தில் நின்று இதே எண்ணத்தை மென்றுவிட்டுத்தான் வடிவு மலைக்குப் போவாள். அது வெற்றிலை மாதிரிப் பழகியும் போயிருந்தது. பஸ் என்ற பேச்சு வந்த அன்றுதான் அதில் சுண்ணாம்பு கூடி வாய் வெந்தது.

சாயங்காலம் செல்லசாமி இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். சட்டைக் கையை இறக்கி விட்டிருந்தான். முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது துணிக்கு மேலாகவே புடைத்துத் தெரிந்தது.

“அது என்னா?”

“ரத்தம் எடுத்தாங்க.”

“சளியத்தானே எடுப்பாங்க. ரத்தம் எதுக்கு?”

“எடுக்கணும்னாங்க. எடுத்தாங்க.”

“கூட யாரு வந்தா?”

செல்லசாமி கோப்பையைக் கீழே வைத்தான். “அதான் லயமே பேசுதே. பெறகு என்னத்துக்கு என்கிட்ட கேக்குற?” என்றவன் எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். அவள் சுட்ட ரொட்டி ஆறிப்போய்க் கிடந்தது.

மறுநாள் காலையில் வடிவு மேல் ரோட்டில் நிற்கவில்லை. நேரே இறங்கிப் பிள்ளைக்காம்பரா வாசலுக்குப் போனாள். உள்ளே நுழையவில்லை, படியில் நின்றாள். ராசம்மா ஒரு கைப்பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வந்தாள்.

“வாங்க மதினி. என்னா, இந்தப் பக்கம்?”

“அவுகளுக்கு எதுக்கு ரத்தம் எடுத்தாங்க?”

ராசம்மாவின் கை பிள்ளையின் முதுகில் நின்றது. “அண்ணன் சொல்லலீங்களா?”

“சொல்லியிருந்தா ஒன் வாசல்ல வந்து நிப்பனா?”

“அப்ப நான் சொல்ல ஏலாது மதினி. அவுங்கதான் சொல்லணும். கிளினிக்குல அப்புடித்தான் சொல்லி வச்சிருக்காங்க.”

“என் புருசன் ரத்தம். நீ பூட்டி வச்சிக்கிட்டு எனக்குத் தொறக்க மாட்டேங்குற.”

“பூட்டு என்னுது இல்ல மதினி.”

தோளில் கிடந்த பிள்ளை வடிவைப் பார்த்து எச்சில் ஒழுகச் சிரித்தது. அதைத் தாங்க முடியாமல் அவள் திரும்பி நடந்தாள்.

ராசம்மா பூட்டி வைத்ததை மலையில் காளியாயி உடைத்துக் கொட்டினாள். காளியாயியின் புருசன் கணேசமூர்த்திக்கும் காசம்தான். பங்களாத் தோட்ட வேலை, குடிக்கும் ஆள். போன மாசமே அவனிடமும் கிளினிக்கில் ரத்தம் கேட்டிருக்கிறார்கள்.

“என்னா நோய்க்குன்னு தெரியுமா?” காளியாயி கொழுந்தைக் கிள்ளுவதை நிறுத்தாமலே குரலை மட்டும் தாழ்த்தினாள். “எயிட்ஸு. காசக்காரவங்க எல்லாத்துக்கிட்டயும் கேக்குறாங்களாம். இவரு, ‘என்னைய என்னா ஆளுன்னு நெனச்சீங்க’ன்னு சத்தம் போட்டுட்டு எந்திரிச்சி வந்துட்டாரு. தோட்டத்துல எல்லா ஆம்பளையும் அப்புடித்தான் வந்தான். ஒன் வீட்டுக்காரரும் மொதல்ல மாட்டேன்னுட்டுத்தான் வந்தாரு. இப்ப போயி கையை நீட்டியிருக்காருன்னா…”

“நீட்டுனா?”

“எனக்கென்னா தெரியும். மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம்னு சொல்லுவாங்க.”

கொழுந்து பறிக்கும் அந்த நிரை முழுக்க அதுதான் கணக்கு. மாட்டேன் என்று எழுந்து வந்தவன் யோக்கியன்; சரி என்று கையை நீட்டியவன் எங்கோ போய் வந்தவன். வடிவும் அந்தக் கணக்கில் பிறந்து வளர்ந்தவள்தான். அவளுக்கு உடனே கொழும்புப் புறக்கோட்டை நினைவுக்கு வந்தது. கல்யாணமான புதிதில், தோட்டத்தில் வேலை குறைந்திருந்த காலத்தில், செல்லசாமி இரண்டு வருசம் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தான். தீபாவளிக்கு வந்தவன் அவளுக்குப் பூப்போட்ட சீலை கொண்டுவந்தான். இத்தனை காலமும் பெட்டியில் பாச்சா உருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருந்த அந்தச் சீலை இப்போது அவள் வயிற்றில் எரிந்தது. வாங்கியது யார், தேர்ந்து கொடுத்தது யார்?

அன்றைக்கு அரை நாள் கூலியாகும் அரைப் பேரோடு வேலையை விட்டுவிட்டு வந்தாள். செல்லசாமி அடுப்படியில் உட்கார்ந்து மிளாறு முறித்துக்கொண்டிருந்தான்.

“கொழும்புல யாரு?” என்றாள்.

அவன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்வான் என்றுதான் எதிர்பார்த்தாள். நம்பாமல் சண்டை போடவும் தயாராக வந்திருந்தாள். அவனோ கையிலிருந்த மிளாறை இரண்டாக முறித்து, அதையும் இரண்டாக முறித்தான்.

“கடைக்குப் பின்னால ஒரு வீடு இருந்திச்சு. கூட வேல செஞ்ச பசங்க போவானுங்க. நானும் போனேன்.”

“எத்தன தரம்?”

“போனேன். அவ்வளவுதான்.”

“பேரு என்னா?”

“அங்க யாரு பேரு கேக்குறது?”

வடிவுக்கு அழுகை வரவில்லை. வேறொரு கேள்விதான் தொண்டைக்கு வந்தது. “இது அவளுக்குத் தெரியுமா? ராசம்மாவுக்கு?”

“தெரியும்.”

“எனக்கு முன்னாடி அவளுக்கா?”

“ஒனக்கு எப்புடி வடிவு சொல்லுவேன்? நீ இப்ப நிக்கிற நிலைய பாரு.” அவனுக்கு இருமல் வந்தது. அடங்கும்வரை அவள் நின்றாள். தண்ணீர் எடுத்துக் கொடுக்கவில்லை. “மாத்திரைய முழுங்கிட்டு உக்காந்திருக்கும்போது ஒரு நா அவ தன் புருசனப் பத்திச் சொன்னா. காசந்தான் அவனுக்கும். ஒரு நாளு தவறாம மாத்திர முழுங்கியும் செத்துட்டான். ரத்தத்துல வேற என்னா இருந்திச்சின்னு அப்ப யாரும் பாக்கலயாம். இருந்திருந்தா அதுக்கும் சேத்து வைத்தியம் பாத்திருக்கணுமாம். அதக் கேட்டதுலேர்ந்து எனக்குப் பயம் புடிச்சிருச்சு. சொல்லிட்டேன்.”

“சொன்ன ஒடனே கூட்டிட்டுப் போயிட்டாளாக்கும்.”

“அங்க போயும் நான் எந்திரிச்சிட்டேன். எல்லாரும் பாக்குறாங்க, வெக்கமா இருந்திச்சு. அவ என்னா செஞ்சா தெரியுமா? ‘மிஸி, எனக்கும் எடுங்க’ன்னு தன் கையை நீட்டிட்டா. ‘நானும் எம் புருசன்கூட வாழ்ந்தவதானே, எனக்கும் பாக்கணும்’ன்னா. அவ குடுத்தா. பெறகு நான் குடுத்தேன்.”

கொழும்பு வீட்டைக்கூட வடிவால் எப்படியோ விழுங்க முடிந்தது. இது தொண்டையில் நின்றது. உட்கார இரண்டு கதிரை, நீட்ட இரண்டு கை, ஒரே காலையில் அடுத்தடுத்து இரண்டு ஊசி. தாலி கட்டியவள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். தன் புருசன் பயந்து நடுங்கிய நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டியவள் இன்னொருத்தி. படுக்கையில் சேர்ந்து படுத்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று வடிவுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை.

முடிவு வாங்கப் போக வேண்டிய நாள் வந்தது. ராசம்மாவுக்கும் அதே நாள்தான். முதல் நாள் சாயங்காலமே செல்லசாமி, “நான் போகல. இருந்தா இருந்துட்டுப் போகட்டும்” என்று கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டான். விடிந்ததும் வடிவு குளித்து, பெட்டியிலிருந்து அந்தப் பூப்போட்ட சீலையை எடுத்துக் கட்டினாள். பாச்சா உருண்டை நாற்றம் வீட்டுக் காம்பரா முழுக்க அடித்தது.

“எந்திரிங்க. நானும் வாறேன்.”

“பெரட்டு?”

“பெரட்டு எங்கயும் ஓடிறாது.”

பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் இருக்கை ஒன்று கிடைத்தது. ராசம்மா சன்னலோரம் உட்கார்ந்தாள். செல்லசாமி அடுத்து உட்காரப் போனபோது வடிவு அவன் இடுப்பில் கை வைத்து ஒதுக்கிவிட்டு நடுவில் உட்கார்ந்தாள். வளைவுக்கு வளைவு பஸ் சாய்ந்தது. இந்தப் பக்கம் சாய்ந்தால் ராசம்மா மேல் விழ வேண்டும், அந்தப் பக்கம் சாய்ந்தால் புருசன் மேல். இந்தப் பக்க வளைவில் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்க வளைவில் விட்டுவிட்டாள்.

“சீல நல்லா இருக்கு மதினி” என்றாள் ராசம்மா.

“கொழும்புச் சீல” என்றாள் வடிவு. செல்லசாமி குனிந்து தன் செருப்பைப் பார்த்தான்.

கிளினிக்கில் நீளமான மர வாங்கில் உட்கார வைத்தார்கள். முதலில் ராசம்மாவைக் கூப்பிட்டார்கள், கதவு சாத்தியது. உள்ளே போனபோது இருந்த அதே முகத்தோடுதான் திரும்பி வந்தாள். அடுத்து செல்லசாமி. வடிவும் எழுந்து அவன் பின்னாலேயே போனாள். கிளினிக் நர்ஸ் கமலேஸ்வரி மிஸி கதவில் கை வைத்து மறித்தாள். யாழ்ப்பாணத்துக்காரி; பேச்சு அமைதியாகத்தான் இருந்தது.

“அம்மா, நீங்கள் வெளியில இருங்கோ. அவரோட தனியக் கதைக்க வேணும்.”

“நான் அவரு பொஞ்சாதி.”

“விளங்குது. பிறகு அவர் விரும்பினால் உங்களுக்குச் சொல்லுவார்.”

விரும்பினால். அந்த வார்த்தை வாங்கில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்தக் கதவு ராசம்மாவுக்குத் திறக்கிறது, அவனுக்குத் திறக்கிறது, தனக்கு மட்டும் திறக்கவில்லை. உள்ளே அவன் என்ன ஆகப் போகிறான் என்ற பயம் ஒரு பக்கம்; இந்தப் பயத்திலும் தனக்குப் பங்கு தர மாட்டேன் என்கிறார்களே என்ற ஆத்திரம் ஒரு பக்கம். ராசம்மா அவள் கையைப் பிடிக்க வந்தாள். வடிவு கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. செல்லசாமி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வடிவு அவனைக் கேட்கவில்லை. எழுந்து நேரே மிஸியிடம் போனாள்.

“எனக்கும் எடுங்க.”

மிஸி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். “உங்களுக்கு என்னத்துக்கெண்டு விளங்குதோ? விருப்பமில்லாட்டில் ஒருத்தரும் வில்லங்கப்படுத்த மாட்டினம்.”

“இவ குடுத்தாள்ல?” வடிவு தலையால் ராசம்மாவைக் காட்டினாள். “எடுக்கிறப்ப அவரு பக்கத்துல இருக்கணும். இவ குடுக்கிறப்ப இருந்தாருல்ல, அந்த மாதிரி.”

மிஸியின் வாயோரம் சிரிப்பு வந்து போனது. வடிவையும் உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, சொல்ல வேண்டியதைச் சொன்னாள். இது நோயைத்தான் காட்டும், ஆளின் நடத்தையைக் காட்டாது என்றாள். காசக்காரர் எல்லோரிடமும் கேட்பது இருந்தால் காப்பாற்றத்தான், பழி போட அல்ல என்றாள். வடிவு தலையாட்டினாள். அவள் கண் கதவின் மேலேயே இருந்தது, எப்போது அவனைக் கூப்பிடுவார்கள் என்று. பிறகு கூப்பிட்டார்கள். செல்லசாமி பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தான். ஊசி இறங்கியபோது வடிவு ஊசியைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள். அவன் நெற்றி சுருங்கியது. அது போதும் என்றிருந்தது அவளுக்கு.

ராசம்மா மாத்திரை எடுக்கப் போயிருந்த நேரத்தில், பஸ் நிலையத்துத் தேத்தண்ணிக் கடையில் வைத்து அவன் சொன்னான். “ஒண்ணும் இல்லையாம்.”

“யாருகிட்டயும் சொன்னீங்களா?”

“ஒனக்குத்தான் சொல்றேன். வேற யாரு கேட்டா?”

பிளேன்டீ அன்றைக்கு ஏன் அவ்வளவு இனிப்பு என்று தெரியவில்லை. உயிர் வந்தது மாதிரி இருந்தது; உயிர் வந்த கையோடு, பேர் தெரியாத அந்தக் கொழும்புக்காரியும் வந்து எதிர் வாங்கில் உட்கார்ந்தாள். ரத்தம் சுத்தம் என்று சொன்ன மிஸி, அவள் எப்படியிருந்தாள் என்று சொல்லவில்லையே.

மறுநாள் நிரையில் காளியாயி காத்திருந்தாள். “என்னா வடிவு, சோடி போட்டுக்கிட்டு ரெண்டு பேருமா ஊசி குத்திட்டு வந்தீங்களாம்? ஒனக்கும் சந்தேகமா?”

“எங்க வீட்டுல அவருக்குப் பாத்தாச்சு, ஒண்ணும் இல்ல. எனக்கும் குடுத்துட்டு வந்துட்டேன்.” வடிவு இரண்டிலையும் மொட்டுமாக நிதானமாகக் கிள்ளிப் பின்னால் போட்டாள். “தைரியம் இருக்கவன் கையை நீட்டுனான். ஒங்க வீட்டுக்காரரு ஏன் அன்னைக்கு அப்புடிச் சத்தம் போட்டு ஓடியாந்தாரு? எதுக்கும் கேட்டுப் பாருங்கக்கா. மடியில கனம் இருக்கப் போகுது.”

நிரை சிரித்தது. இந்தத் தடவை காளியாயி சிரிக்கவில்லை. அவள் கை கொழுந்தை விட்டு முற்றின இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தது.

அடுத்த கிளினிக் நாளில், காளியாயி முன்னே நடக்க, கணேசமூர்த்தி சவரம் செய்த முகத்தோடு பின்னால் பஸ் ஏறியதைத் தோட்டமே பார்த்தது. அதற்குப் பிறகு கீழ் டிவிசனிலிருந்து ஒருத்தி தன் புருசனை இழுத்துக்கொண்டு போனாள். ஏறக்குறைய எல்லாக் காசக்காரர்களும் ரத்தம் கொடுத்துவிட்டார்கள் என்று சுகாதார ஐயா ராசம்மாவைப் பாராட்டினாராம். அதைக் கேட்ட நாளில் வடிவு ரொட்டியைக் கருக்கிவிட்டாள். நிரையில் வாயை விட்டது நான், பாராட்டு அவளுக்கா?

வடிவுக்கும் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்த மறுநாள் காலை, அவள் செல்லசாமியோடு சேர்ந்து பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கினாள். படியில் நிற்கவில்லை. ஏணைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஒரு குட்டிப் பயல் அவள் முந்தானையைப் பிடித்தான். பிடிக்கட்டும் என்று விட்டாள்.

ராசம்மா தகரக் கோப்பையில் தண்ணீர் ஊற்றினாள். “மதினி, அண்ணனுக்கு முடிவு என்னான்னு நீங்க சொல்லவே இல்ல. மலையில நீங்க சொன்னதா ஆளுங்க என்னென்னமோ பேசுறாங்க. நெசமா ஒண்ணும் இல்லதானே?”

வடிவு இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நாளாகக் காத்திருந்தாள்.

“அத நான் சொல்ல ஏலாது ராசம்மா. அவுகதான் சொல்லணும்.”

ராசம்மா அவளைப் பார்த்தாள். கோபம் வருமென்று நினைத்தாள் வடிவு. வந்தது சிரிப்பு. “சரிதான் மதினி” என்று மாத்திரையைச் செல்லசாமி கையில் கொட்டினாள்.

அவன் விழுங்கினான். “தொறங்கண்ணே. நாக்கத் தூக்குங்க.” அவன் வாயைப் பிளந்தான். ராசம்மா குனிந்தாள். அவள் தோளோடு தோள் இடிக்க வடிவும் குனிந்தாள். கறை பிடித்த பல், வெளிறிய நாக்கு, அதற்கடியில் நீல நரம்பு.

“போயிருச்சு மதினி. ஒண்ணும் இல்ல” என்றாள் ராசம்மா.

“இருங்க.” வடிவு நிமிரவில்லை. கொழும்பில் ஒருத்தியின் பேரைக் கேட்கவில்லை என்று சொன்ன வாய் இது. “இன்னுங் கொஞ்சம் தொறங்க.”

வெளியே பெரட்டுக்குக் கூப்பிடும் தப்பு அடிக்கத் தொடங்கியிருந்தது. செல்லசாமி வாயை மூடாமல் அவளைப் பார்த்தபடியே இன்னும் கொஞ்சம் திறந்தான்.